மேற்கட்டித் துணி

பெரம்பலூர்
18.02.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நாத்தனாரிடமிருந்து கடிதமா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். எனக்கு வேறு வழி இல்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஷைனிதான் எடுத்து, "அம்மா மெஷின்ல இருக்காங்க அத்தை, அப்புறம் பேசுவாங்க" என்கிறாள். அந்த 'அப்புறம்' இன்றுவரை வரவில்லை. கடிதமென்றால் தபால்காரர் கையில் திணித்துவிட்டுத்தான் போவார்.

அண்ணனின் முதல் வருடப் பூசை அன்று நடந்ததைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. "ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் கல்லறைக் கல் வெட்டுன மனுசனுக்கு ஒரு கல்லு கூடவா இல்ல?" என்று பந்தியில் வைத்துக் கேட்டேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பாருங்கள், எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூட ஆயா குஞ்சம்மாளின் கணவர் அரியமுத்து, ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். எலும்பும் தோலுமாகிவிட்டார். டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. துணைக்கு ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டாள். நெஞ்சு நோய் பார்க்கும் டாக்டரிடம் நானும் போனேன்.

அண்ணி, அந்த டாக்டர் அரியமுத்துவைப் பற்றிப் பேசினார். எனக்கு அண்ணனைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், காய்ச்சலே இல்லாமல் உடம்பு கரைவது. "இது டி.பி. இல்லம்மா. கல்மாவு உள்ள போயி நுரையீரல்ல உக்காந்துடுச்சு. உக்காந்த எடமெல்லாம் தழும்பாயிடுது. மாத்திரை டப்பா டப்பாவா தின்னாலும் இது போவாது" என்றார். நான் அண்ணனின் கதையைச் சொன்னேன். ஈரம் இல்லாமல் கல் அறுத்தவர் என்றதும் தலையை ஆட்டினார்.

பிறகுதான் கேட்டார், "அந்தப் பட்டறை இப்ப பூட்டிக் கெடக்கா?" என்று. இல்லை சார், அண்ணி அதைத் தையல் கூடமாக மாற்றிவிட்டார், பெண்கள் தைக்கிறார்கள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மெஷின நிறுத்துனா சத்தம்தான் நிக்கும். மாவு எங்க போவும்? ஓட்டு இடுக்குல, சட்டத்துல, செவுத்து வெடிப்புல இருக்கும். ஃபேன் போட்டா எறங்கும், கூட்டுனா எழும்பும். கண்ணுக்குத் தெரியிற தூசி மூக்கோட நின்னுடும். தெரியாததுதான் உள்ள போவுது" என்றார்.

அதனால் சொல்கிறேன். கூடத்தை உடனே மூடுங்கள். நீங்களும் ஷைனியும் அரியலூர் போய் நெஞ்சுப் படம் எடுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். என் மேல் உள்ள கோபத்தை இதில் காட்டாதீர்கள்.

அன்புடன்,
சுகன்யா மேரி


வரதராஜன்பேட்டை
27.02.2024

சுகன்யாவுக்கு அண்ணி எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் இங்கே ஒரு குறையும் இல்லை. உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமா?

உன் கடிதத்தை ஷைனி சத்தமாகப் படித்தாள். பாதியில் வாங்கி நானே படித்தேன். வாத்தியாரம்மா கடிதம் அல்லவா, கேள்வி, பதில், வீட்டுப்பாடம் எல்லாம் இருந்தது.

எனக்கு ஒன்று மட்டும் சொல். உன் அண்ணன் படுத்திருந்தபோது, "அண்ணி மாத்திரைய ஒழுங்கா குடுத்திருந்தா அண்ணன் எழுந்து ஒக்காந்திருப்பாரு" என்று உன் சித்தியிடம் சொன்னாயே. அது என் காதுக்கு வரவில்லை என்று நினைத்தாயா? மணி அடித்த மாதிரி வேளை தவறாமல் கொடுத்தேன். இப்போது நீயே எழுதுகிறாய், மாத்திரைக்குக் கேட்கிற நோயே இல்லை என்று. அப்படியானால் அந்தப் பேச்சுக்கு என்ன செய்வது? முதலில் மாத்திரை என்றாய். அப்புறம் கல் என்றாய். இப்போது கூடத்துக்கு வந்து நிற்கிறாய்.

பட்டறையை நான் அப்படியே விட்டுவிட்டு மெஷினைக் கொண்டுவந்து போடவில்லை. ஆள் வைத்துக் கூட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஆரம்பத்தில் ஓட்டிலிருந்து பொட்டுப் பொட்டாக ஏதோ விழுந்தது உண்மை. எங்களுக்கு வருகிற வேலையில் பாதி, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைப் புதுநன்மைக் கவுன். அதில் ஓர் அழுக்கு இருக்கலாமா? அதனால் பழைய நூல் சேலைகளை ஒன்றோடு ஒன்று தைத்து, தேருக்குக் கட்டுகிற மாதிரி கூரைக்குக் கீழே மேற்கட்டியாகக் கட்டிவிட்டோம். இப்போது ஒரு துரும்பு கீழே விழாது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூலைக்கு ஒருத்தியாகப் பிடித்து அதை அவிழ்ப்போம். வாசலுக்குக் கொண்டுபோய் உதறுவோம். எல்லோரும் மாவு மில்லில் நின்றவர்கள் மாதிரி ஆகிவிடுவோம். செல்வம்மாள் ரத்தினம்மாளைப் பார்த்து, "கெழவியாயிட்டியேடி" என்று சிரிப்பாள். திங்கட்கிழமைக்குள் மறுபடி கட்டிவிடுவோம். இதைவிட ஒரு கூடத்தைச் சுத்தமாக எப்படி வைத்துக்கொள்வது என்று உன் டாக்டரைக் கேட்டு எழுது.

இங்கே தைக்கிறவர்கள் யார் தெரியுமா? ஆண்டிமடம் பக்கம் முந்திரி உடைத்துக் கைத்தோல் வெந்து போனவர்கள். உள்ளங்கை ஆறி ஊசி பிடிக்கிற பதம் வருவதற்கே அவர்களுக்கு நாள் ஆனது. மூடு என்று எழுதிவிட்டாய். மறுபடி முந்திரி உடைக்கப் போங்கள் என்று அவர்களிடம் யார் சொல்வது, நீயா? ஈஸ்டர் முடிந்ததும் புதுநன்மை. எடுத்த துணியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது.

போன் செய்யாதே. மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை. எழுது, படிக்கிறேன்.

அண்ணி
அமலோற்பவமேரி


பெரம்பலூர்
08.03.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மாத்திரை பற்றி நான் சொன்னது தப்பு. தெரியாமல் சொன்னேன். இதை நேரில் சொல்லத்தான் நினைத்திருந்தேன், நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஆனால் மேற்கட்டி பற்றி எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடத்தில் வைத்துத்தான் படித்தேன். வகுப்பில் பிள்ளைகள் இருந்தார்கள். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, என்ன பாடம் நடத்தினேன் என்றே தெரியாமல் நடத்தினேன்.

அண்ணி, கோபப்படாமல் யோசியுங்கள். மேலே இருந்து இறங்குகிற மாவையெல்லாம் ஒரு வாரம் அந்தத் துணியில் சேர்க்கிறீர்கள். பிறகு எல்லோரும் சுற்றி நின்று உங்கள் தலைமேலேயே உதறிக்கொள்கிறீர்கள். சிரிக்க வேறு செய்கிறீர்கள். சிரிக்கும்போது வாய் திறந்திருக்காதா? டாக்டரிடம் சொன்னேன். எத்தனை பேர் நின்று உதறுகிறார்கள் என்று கேட்டார். பிறகு, "துணிய நல்லா காப்பாத்துறாங்க" என்றார்.

உடனே மூட முடியாதென்றால் இதையாவது செய்யுங்கள். மேற்கட்டியை உதறாதீர்கள். அங்கேயே தண்ணீர் தெளித்து நனைத்து, சுருட்டி, வெளியே குழியில் போட்டு மண்ணைத் தள்ளுங்கள். அவிழ்க்கும்போது ஷைனி பக்கத்தில் இருக்க வேண்டாம். அவளை இங்கே அனுப்புங்கள். என் பிள்ளைகளோடு இருக்கட்டும்.

இன்னொன்று. சொன்னால் சண்டை வரும், சொல்லாவிட்டாலும் வரும். அண்ணனுக்கு நானே கல் ஏற்பாடு செய்துவிட்டேன். இங்கே துறையூர் சாலையில் ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறேன். கருப்புக் கல், ஒரு பக்கம் பாலிஷ். மேலே சிலுவை, கீழே பெயர், பிறப்பு, இறப்பு. கல்லறைத் திருநாளுக்கு முன் கொண்டுவந்து பதித்துவிடலாம். அன்றைக்கு ஊரே அவரவர் கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறது. அண்ணன் மட்டும் மண்மேடாகக் கிடக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், தடுக்காமல் இருந்தால் போதும்.

சுகன்யா


வரதராஜன்பேட்டை
20.03.2024

சுகன்யாவுக்கு,

கல்லை நிறுத்து. உன் அண்ணனைக் கட்டியவள் நான், கல் வேண்டாம் என்கிறேன். காரணம் கேட்காதே. இவ்வளவுதான் எழுத நினைத்தேன். எழுதி உறையில் போட்டும் விட்டேன். பிறகு பிரித்து மீதியை எழுதுகிறேன்.

கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறதே, உன் அண்ணன் வெளிச்சத்துக்காகப் பதித்தது. சனிக்கிழமை மேற்கட்டியின் ஒரு முனையை மட்டும் அவிழ்த்தேன். அந்த ஓட்டு வழியாக வெயில் சாய்வாக இறங்கியது. வெயில் இறங்கிய இடத்தில் மட்டும் காற்று வெள்ளையாக இருந்தது. இவ்வளவு நாளும் அது இருந்திருக்கிறது. மேற்கட்டி மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. கீழே ஷைனி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு கவுனுக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எழுந்து வெளிய போடி" என்று கத்தினேன். என்னமோ ஏதோ என்று பயந்துபோய் ஓடினாள்.

நீ எழுதிய மாதிரி நனைத்துத்தான் அவிழ்த்தோம். துணியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பால் மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. செல்வம்மாள்தான், "யக்கா, அண்ணன் போயி இத்தினி நாளாச்சு, இன்னும் மாவு வருதே" என்றாள்.

கைக்குட்டை கட்டித் தைக்கச் சொல்லியிருக்கிறேன். புதுநன்மை வரைக்கும்தான். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. ஷைனியைக் கூடத்துக்குள் விடுவதில்லை. பட்டன் தைக்கிற வேலையை வீட்டிலிருந்து செய்கிறாள். உன்னிடம் அனுப்ப முடியாது. எனக்கு இங்கே அவள் வேண்டும்.

மறுபடி சொல்கிறேன், கல்லை நிறுத்து.

அண்ணி


பெரம்பலூர்
05.04.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஈஸ்டருக்கு நான் சொல்லாமல் வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். கறிக்குழம்பு ஊற்றினீர்கள், முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை. நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

பூசையில் நீங்கள் பாடவில்லை. பாடகர் குழுவில் முதல் குரல் உங்களுடையது. அண்ணன் உங்களைப் பெண் கேட்டு வந்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்று அம்மா சொல்லுவார். அல்லேலூயா பாடும்போது ஊரே எழுந்து நின்று பாடியது, நீங்கள் தூணில் சாய்ந்துகொண்டு வாயை மூடி நின்றீர்கள். கோயிலிலிருந்து வீட்டுக்கு இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தீர்கள். ஒரு முறை செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தீர்கள். இன்னொரு முறை யாரோ வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்குகிறது என்று காட்டினீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அடுப்படிக்குள் போய், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருமினீர்கள். அந்த இருமலை எனக்குத் தெரியும் அண்ணி. அண்ணன் எங்கள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்த இருமல்.

நீங்கள் ஏன் போனை எடுப்பதில்லை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. மெஷின் சத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பேசினால் இருமல் வரும், நான் கேட்டுவிடுவேன். அதனால்தான் எழுதச் சொன்னீர்கள். நான் ஒரு வருடமாக உங்களைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷைனிக்குத் தெரியுமா? அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

தயவுசெய்து படம் எடுங்கள். நான் கூட வருகிறேன். கூட வருவது பிடிக்கவில்லை என்றால் வரவில்லை. நீங்கள் ஷைனியோடு போனால் போதும். கல் விஷயத்தில் மட்டும் என்னை வற்புறுத்தாதீர்கள், வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள். என் அண்ணனுக்கு நான் செய்ய மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

சுகன்யா


வரதராஜன்பேட்டை
12.05.2024

அன்புள்ள சுகன்யாவுக்கு,

உனக்கு 'அன்புள்ள' போட்டு எழுதி வெகு நாளாயிற்று.

புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வந்தார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கவுனாகப் பார்த்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பெற்றவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பளிச்சுன்னு தச்சிருக்கீங்க" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். துணியைக் காப்பாற்றிவிட்டோம் சுகன்யா. எங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே கூடத்தைப் பூட்டினேன். மெஷின்களை ஈரத் துணியால் துடைத்து ரத்தினம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டோம். மாட்டை வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறாள். சாணி வாசனைதான், ஆனால் கூரைக்கும் தலைக்கும் நடுவில் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் ஷைனியும் செல்வம்மாளும் அரியலூர் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கினால் சிமெண்ட் லாரிப் புழுதி. ஷைனி என் மூக்கைத் தன் துப்பட்டாவால் மூடினாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் மூடிய மாதிரி.

ஷைனியின் படம் சுத்தம். ஒரு புள்ளி கூட இல்லை என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகு என் படத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. செல்வம்மாளுக்கு லேசாக ஏதோ தெரிகிறது, ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். "வுடுக்கா, முந்திரிப் பாலு பட்டு கை வெந்ததுக்கு இது பரவால்ல" என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

என் படம் உன் அண்ணன் படம்தான். ஆற்று மணலை அள்ளி இறைத்த மாதிரி இரண்டு பக்கமும். அவருடைய படத்தை நான் எத்தனை தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? டாக்டருக்குத்தான் ஆச்சரியம். "தையல் கூடத்துல ஒக்காந்ததுக்கு மட்டும் இவ்ளோ வராதேம்மா. நீங்களும் கல்லு வெட்டுனீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், நான் ஊதுவேன்" என்றேன்.

உனக்கு அது தெரியாது. நீ கல்யாணமாகிப் பெரம்பலூர் போய்விட்டாய். உன் அண்ணன் கல்லில் எழுத்து வெட்டும்போது குழியில் மாவு அடைத்துக்கொள்ளும். ஊதினால்தான் அடுத்த கோடு எங்கே போகிறது என்று தெரியும். அவருக்கு இரண்டு கையிலும் வேலை. அதனால் நான் எதிரில் குந்தி ஊதுவேன். "ஒனக்குத்தான் மூச்சு நெறைய இருக்கே, பாட்டுக்காரி, ஊது" என்பார். நானும் பெருமையாக ஊதுவேன். நம் ஊர்க் கல்லறையில் இருக்கிற பெயர்களில் பாதி நான் ஊதிய பெயர்கள்தான். எல்லோருடைய பிறந்த வருடமும் எனக்குத் தெரியும்.

சரியாகுமா என்று கேட்டேன். "உள்ள போனது வெளிய வராது. இனிமே போவாம பாத்துக்கலாம்" என்றார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்திருக்கிறார். ஷைனியிடம் ரொம்ப வருஷம் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

அண்ணி


பெரம்பலூர்
16.06.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். போன வாரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது எளிது.

கடிதம் வந்த மறுநாள் கல் பட்டறைக்குப் போனேன். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்து, சீக்கிரம் முடிக்கச் சொல்லலாம் என்றுதான் போனேன். உங்கள் பேச்சைக் கேட்டு நிறுத்தப் போனேன் என்று பொய் எழுத மாட்டேன். அப்போதும் எனக்கு அந்தக் கல் வேண்டும் என்றுதான் இருந்தது.

ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒருவர் குந்தியிருந்தார். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. வயதானவர் என்று நினைத்தேன். நிமிர்ந்து, "வாங்க டீச்சர்" என்று சிரித்தபோதுதான் முப்பது வயதுகூட இருக்காது என்று தெரிந்தது. அருள்முருகன் என்று பெயர். அவருக்கு எதிரில் அவர் மனைவி கல்லின் மேல் குனிந்திருந்தாள். உளியை எடுத்ததும் அவள் ஊதினாள். மறுபடி உளி, மறுபடி ஊதல். அவள் கன்னம் உப்பி உப்பி அடங்கியது. அண்ணனுடைய பெயரை ஊதிக்கொண்டிருந்தாள், அண்ணி.

"நிறுத்துங்க" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அந்தப் பெண் பயந்து எழுந்துவிட்டாள். "எழுத்துல பிழை இருக்கா டீச்சர்?" என்று கேட்டார் அவர். எழுத்தில் பிழை இல்லை என்றேன். 'ஆரோக்' வரைக்கும் வெட்டியிருந்தார். "இதுக்கு மேல வெட்ட வேணாம். ஒங்க கூலி முழுசா வாங்கிக்குங்க" என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெயரைப் பாதியில் விடக்கூடாது, ஆகாது என்று அந்தப் பெண்தான் மன்றாடினாள். நான் அவளை வெளியே கூட்டிவந்து உங்களைப் பற்றிச் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே டீச்சர்" என்றாள். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றி வெட்டுகிற முறை ஒன்று இருக்கிறதாம், அதையும் கேட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் வருவதாகச் சொல்லவில்லை. விடமாட்டேன், என் குணம் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் காரணம் கேட்காதே என்று எழுதியது இதற்குத்தானே? கல் வைத்தால் எங்கோ ஒருத்தி குந்தி ஊத வேண்டும். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணி. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கல் அங்கேயே சுவரில் சாய்ந்து நிற்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. உடைக்கச் சொல்லவும் பயமாக இருக்கிறது. உடைத்தால் அதிலிருந்தும் மாவு வரும்.

சுகன்யா


வரதராஜன்பேட்டை
21.10.2024

அன்புள்ள சுகன்யாவுக்கு,

கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பேனாமேல் பழி போடு. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த காற்று மெஷின் பக்கத்தில் ஓடுகிறது. உன் அண்ணனின் கல் அறுக்கும் மெஷின் சத்தத்துக்கு இது எவ்வளவோ மேல். ஷைனி மாட்டுக்கொட்டகைக்குப் போயிருக்கிறாள். தீபாவளிச் சட்டை வேலை. அளவு எடுப்பதில் என்னை மிஞ்சிவிட்டாள்.

பட்டறையின் ஓடுகளை ஆட்கள் நனைத்து நனைத்து இறக்கிவிட்டார்கள். இப்போது அதற்குக் கூரை இல்லை. ஐப்பசி மழை நேராக உள்ளே விழுகிறது. முதல் மழைக்கு வெள்ளையாக ஓடிய தண்ணீரைக் குழி வெட்டி இறக்கி மூடச் சொன்னேன். இப்போது தெளிந்த தண்ணீர்தான் ஓடுகிறது. கட்டிலிலிருந்து எனக்கு அது தெரிகிறது. நாங்கள் சுண்ணாம்பு அடித்து, தீர்த்தம் தெளித்து, மேற்கட்டி கட்டிப் பாடுபட்டதை மழை தன் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போகிறது.

கல்லறைத் திருநாளுக்கு நீ வருவாய். வரும்போது இரண்டு காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று. உன் அண்ணன் மேட்டில் புல் முளைத்துவிட்டது. செதுக்காதே. மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்று. பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது, சாமியாரிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் கல் வேண்டாம். மரத்தில் ஒரு சிலுவை போதும். பெயரைப் பெயிண்டில் எழுதிக்கொள்ளலாம். மழைக்கு அழிந்தால் ஷைனி மறுபடி எழுதுவாள். அதற்கு யாரும் ஊத வேண்டியதில்லை. நீ அழாதே. அழுதால் உனக்குத் தலைவலி வரும், அப்புறம் எல்லோர் மேலும் எரிந்து விழுவாய்.

இரண்டு. அந்த 'ஆரோக்' கல்லை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவா. நான் யோசித்துவிட்டேன். கிணற்றடியில் நம் துவைகல் உடைந்து வெகு நாளாயிற்று. இதைப் போட்டுவிடலாம். பாலிஷ் போட்ட பக்கம் துணிக்கு ஆகாது, வழுக்கும். சொரசொரப்பான பக்கம் மேலே வரட்டும். எழுத்து இருக்கிற பக்கம் கீழே மண்ணைப் பார்த்து இருக்கட்டும். ஷைனி தினமும் அதில் துவைப்பாள். அது எப்போதும் ஈரமாகவே கிடக்கும். ஈரக் கல்லிலிருந்து மாவு எழும்பாது.

அருள்முருகன் தண்ணீர் ஊற்றி வெட்ட ஆரம்பித்துவிட்டார் என்று போன தடவை சொன்னாய். அவர் பெண்டாட்டி படம் எடுத்துக்கொண்டாளா? அதை மட்டும் கேட்டுவிட்டு வா.

பஸ் ஏறும்போது போன் செய்து சொல்லாதே. வந்து பக்கத்தில் உட்கார். பேச வேண்டியதையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டோம். நீ அந்த அல்லேலூயாவைப் பாடு, சுருதி தப்பினாலும் பரவாயில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி
அமலோற்பவமேரி